‘வயசாயிடுச்சு’ என்பது நோயின் பெயர் அல்ல

2020 லாக்டவுனில் பிரிட்டனில் நாய்க்குட்டி வாங்காத தெருவே இல்லை என்று சொல்லலாம். நம்மவர்களும் வாங்கினார்கள். "பிள்ளைங்க ரொம்ப நாளா கேட்டாங்க, எப்படியும் வீட்லதானே இருக்கோம், சரின்னு வாங்கிட்டோம்" என்ற வசனத்தை ஹாரோவிலும் கேட்டிருக்கிறேன், ஈஸ்ட் ஹாமிலும் கேட்டிருக்கிறேன். அந்தக் குட்டிகள் இப்போது நடுவயதுக்கு வந்துவிட்டன. இன்னும் சில வருடங்களில் நம் வீடுகளில் ஒரே சமயத்தில் நிறைய வயதான நாய்கள் இருக்கப் போகின்றன. அதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டு மணி அந்தக் கூட்டத்துக்கும் சீனியர். லாப்ரடார், பத்து வயது. மில்டன் கீன்ஸில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியை ஒரு காலத்தில் சுற்றிச் சுற்றி ஓடியவன். இரண்டு வருடத்துக்கு முன்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இடுப்பு மூட்டு இரண்டிலும் ஆர்த்ரைடிஸ் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார், எடையைக் குறைக்கச் சொன்னார், கூடவே வீட்டில் மசாஜ் செய்யவும் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் ராத்திரி பத்து நிமிடம் அவனுக்கு நீவிவிடுகிறேன். இதைச் சொன்னால் நண்பர்களுக்குச் சிரிப்பு. "நாய்க்கு மசாஜா? நீ சுத்தமா வெள்ளைக்காரனாவே மாறிட்டடா!"

இதில் வெள்ளைக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பாட்டிக்குக் கால் பிடித்துவிட்ட கை, சுளுக்குக்கு நீவிவிட்ட கை, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கை, எல்லாம் நம் வீட்டுக் கைகள்தான். நீவுதல், பிசைதல், அமுக்குதல், ஒத்தடம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வார்த்தை வைத்திருக்கிறோம்.

முதலில் நோயைப் பற்றி. மூட்டுக்குள் இரண்டு எலும்புகள் உரசாமல் காக்கும் குருத்தெலும்பு மெல்ல மெல்லத் தேய்வதுதான் ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ். ஒரு வயதைத் தாண்டிய நாய்களில் ஐந்தில் ஒன்றுக்கு இது இருக்கும் என்பது கால்நடை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் மதிப்பீடு. கிழட்டு நாய்க்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்வது அதிகம் என்பதால், இளம் வயதிலேயே தேய்மானம் ஆரம்பித்துவிடலாம்.

பிரச்சினை என்னவென்றால், நாய் கத்தாது. நாள்பட்ட வலியை நாய்கள் சத்தமில்லாமல்தான் சுமக்கின்றன. தூங்கி எழுந்ததும் முதல் நாலு அடி விறைப்பாக இருக்கும். காரில் ஏறும் முன் ஒரு நொடி யோசிக்கும். மாடிப்படியில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவும். ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்கும். எப்போதும் சாதுவாக இருந்தது, குழந்தை இடுப்பில் கை வைத்தால் உறுமும். இதையெல்லாம் பார்த்துவிட்டு நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்: "வயசாயிடுச்சுல்ல?" வயது ஆகிவிட்டது உண்மைதான். ஆனால் வயதுக்கு மருந்து கிடையாது, வலிக்கு இருக்கிறது.

மசாஜ் இதில் என்ன செய்கிறது? தேய்ந்த குருத்தெலும்பை அது திரும்ப வளர்க்காது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வேலை செய்வது மூட்டைச் சுற்றியிருக்கும் தசைகளில். நாய் தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. இடுப்பு வலித்தால் இன்னும் கொஞ்சம் எடையை முன்னால் தள்ளிவிடும். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு சர்வர் படுத்துவிட்டால் அதன் லோடு மொத்தமும் மற்ற சர்வர்கள் தலையில் ஏறுகிற மாதிரி. நோய் இடுப்பில், ஆனால் கழுத்து, தோள்பட்டை, முதுகுத் தசைகள் எல்லாம் கயிறு மாதிரி இறுகிப் போகும். அந்த இறுக்கமே தனியாக ஒரு வலி. நீவிவிடும்போது இறுக்கம் தளர்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 1965ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள், தொடு உணர்வு தண்டுவடத்துக்குப் போகும்போது வலிச் செய்தியின் வழியை ஓரளவு அடைக்கிறது என்ற கோட்பாட்டை முன்வைத்தார்கள். அடிபட்ட இடத்தை நம் கை தானாகவே போய்த் தடவுவது ஏன் என்பதற்கும் இதைத்தான் விளக்கமாகச் சொல்வார்கள்.

சரி, எப்படிச் செய்வது? வழுக்காத விரிப்பு ஒன்றைப் போடுங்கள். நாய் தானாக வந்து படுக்கட்டும், பிடித்து அமுக்கிப் படுக்க வைக்காதீர்கள். குளிர்காலமாக இருந்தால் முதலில் வெதுவெதுப்பான ஒத்தடம் ஐந்து நிமிடம் கொடுக்கலாம். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, சூடு இதமாக இருந்தால் மட்டும் நாய் மேல் வையுங்கள்.

பிறகு உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை முடி படிந்திருக்கும் திசையில் மெதுவாக நீவுங்கள். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இருக்கும் சதையில்தான் கை போக வேண்டும், எலும்பின் மேல் அழுத்தக் கூடாது. இரண்டு நிமிடம் இப்படி நீவினாலே எந்த இடம் சூடாக இருக்கிறது, எங்கே தோல் துடிக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். அடுத்தது தோள்பட்டை, தொடை போன்ற சதைப்பிடிப்பான இடங்களை விரல்களால் மெல்லப் பிசைவது. சப்பாத்தி மாவுக்குப் போடும் பலத்தில் பாதிகூட வேண்டாம். வலிக்கிற மூட்டையே அமுக்காதீர்கள், அதற்கு மேலும் கீழும் உள்ள தசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசியாக மறுபடியும் நீவி முடியுங்கள். மொத்தம் பத்து, அதிகபட்சம் பதினைந்து நிமிடம்.

அழுத்தம் சரியா என்பதை நாயே சொல்லும். பெருமூச்சு விட்டு, தலையைப் பாரமாகத் தரையில் போட்டு, கண்ணைச் சொக்கினால் சரி. உதட்டை நக்குவது, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்ப்பது, கொட்டாவி விடுவது, எழுந்து போவது, இதெல்லாம் ‘போதும்’ என்று அர்த்தம். அதையும் மீறிச் செய்தால் அடுத்தது உறுமல்தான். அது நாயின் தப்பும் அல்ல.

காய்ச்சல், புண், தோல் தொற்று, புதிதாக ஒரு கட்டி, வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டு, திடீர் நொண்டல், பின்னங்கால் இழுபடுதல், இதில் எது இருந்தாலும் கை வைக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். கால் இழுபடுவது தண்டுவடப் பிரச்சினையாக இருக்கலாம், அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இனி நம் வீடுகளுக்கென்றே சில எச்சரிக்கைகள். ஊரிலிருந்து அம்மா அப்பா விசிட்டர் விசாவில் வந்தால் பெட்டியில் தைலம் இல்லாமல் இருக்காது. என் அம்மா போன வருடம் வந்தபோது, மணி எழுந்திருக்கப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "பாவம்டா, என் முட்டி மாதிரியே இருக்கு அதுக்கும். கொஞ்சம் தைலம் தடவவா?" என்று பாட்டிலோடு வந்தார். அன்பில் குறையில்லை. ஆனால் மனிதர்களுக்கான தைலத்தையும் வலி களிம்பையும் நாய்க்குத் தடவவே கூடாது. தடவியதை நாய் நக்கி விழுங்கிவிடும். கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மீதைல் சாலிசிலேட் எல்லாம் அதற்கு விஷம். நல்லெண்ணெயும் தேவையில்லை. முடி நிறைந்த உடம்புக்கு வெறும் கை போதும். விஷயத்தைச் சொன்னதும் அம்மா பாட்டிலை மூடிவிட்டு, கீழே உட்கார முடியாததால் நாற்காலியில் இருந்தபடியே மணியின் கழுத்தை நீவ ஆரம்பித்தார். ஊரில் நாயை வாசப்படி தாண்ட விடாதவர் அவர்.

அதே மாதிரி, நம் மாத்திரை டப்பாவும் நாய்க்கு ஆகாது. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமாலையும் டாக்டர் அளவு சொல்லாமல் கொடுத்தால் கல்லீரல் போய்விடும். நாய்களுக்கென்றே கார்புரோஃபென், மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் இருக்கின்றன, மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. மசாஜ் இவற்றுக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

எடை விஷயமும் அப்படித்தான். பியூரினா நிறுவனத்தின் ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார்களை ஏறக்குறைய 14 வருடம் கவனித்தார்கள். பாதி நாய்களுக்கு, மற்ற பாதியைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. 2002ல் வெளியான முடிவின்படி, குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். மேசைக்கு அடியில் போகும் ஒவ்வொரு நெய் தோசைத் துண்டும் அந்த இடுப்பின் மேல்தான் போய் உட்காருகிறது. லேமினேட் தரையில் ஒரு விரிப்பு, காரில் ஏற ஒரு சாய்வுப் பலகை, சனி ஞாயிறு மட்டும் நீண்ட நடை என்பதற்குப் பதில் தினமும் சின்னச் சின்ன நடை, இவையும் சேர்ந்தால்தான் பத்து நிமிட மசாஜுக்குப் பலன்.

வெளியே ஆள் வைத்துச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் ‘நாய் மசாஜ் நிபுணர்’ என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம், அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் நோயுள்ள விலங்குக்கு இந்த வகைச் சிகிச்சை தரும் முன் கால்நடை மருத்துவர் பரிசோதித்து வழிகாட்டியிருக்க வேண்டும் என்று 2015ம் ஆண்டு ஆணை சொல்கிறது. "உங்க டாக்டர் யாரு?" என்று கேட்காமலே தேதி கொடுப்பவரிடம் போகாதீர்கள். இன்ஷூரன்ஸையும் கவனியுங்கள். நோய் கண்டுபிடித்த பிறகு எடுக்கும் பாலிசியில் அந்த நோய்க்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது.

2006ம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, நாயை வலியிலிருந்து காப்பது இங்கே வளர்ப்பவரின் கடமை. சட்டம் இருக்கட்டும். நாம் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, வெறும் வீட்டில் நம் வருகைக்காகவே காத்துக் கிடந்த ஜீவன் அது. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வெட்கப்படாமல் தமிழ் பேசும் ஒரே ஆள் அதுதான். என் எட்டு வயது மகள் என்னிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், மணியிடம் மட்டும் "வலிக்குதாடா தங்கம்?" என்று கேட்பாள். இப்போது இடது தோள்பட்டை அவள் பொறுப்பு. சென்ற மாதம் அங்கே ஒரு சின்னக் கட்டியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். டாக்டர் பார்த்துவிட்டு, வெறும் கொழுப்புக் கட்டி, பயமில்லை என்றார். தினமும் தொடுகிற கை இருந்ததால்தான் அதுவும் தெரிந்தது.

இன்று ராத்திரி போனை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் நாயின் பின்னந்தொடைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட மெலிந்திருந்தால், அந்தக் காலை அது பயன்படுத்தாமல் மிச்சம் பிடிக்கிறது என்று அர்த்தம். நாளைக் காலையில் டாக்டரிடம் சொல்ல அந்த ஒரு தகவல் போதும்.