வானத்துக் கல்லுக்குக் காசு கொடுத்தவர்

1923 நவம்பரில் ஓர் இரவு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கல்லூரி ஆசிரியர் ஹார்வி நினிங்கர் வானில் பாய்ந்து போன ஒரு தீப்பந்தைப் பார்த்தார். அது விழுந்த இடத்தைத் தேடிக் கிளம்பியவர், சில ஆண்டுகளில் ஆசிரியர் வேலையையே விட்டுவிட்டார். விண்கற்களே அவருடைய பிழைப்பாயின.

விண்கல் மிக அரியது, தேடிப் போவது வீண் என்று அன்றைய அறிஞர்களே சொன்னார்கள். நினிங்கரோ ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பேசினார். உழும்போது அளவுக்கு மீறிய கனத்தோடு, மேலே கருகிய தோல் படிந்த கல் கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். பண்ணைகளில் கேட்பாரற்றுக் கிடந்த கற்கள் அவரிடம் வந்து சேர்ந்தன. அறிவியலுக்கு அவர் செய்த பெரிய தொண்டு இதுதான்: எதைப் பார்க்க வேண்டும் என்று மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். செலவுக்குத் துண்டுகளை விற்றார். 1940-களில் அரிசோனாவில், விண்கல் மோதி உண்டான பெரும் பள்ளத்துக்கு அருகே அருங்காட்சியகமும் நடத்தினார். அவருடைய சேகரிப்பில் ஒரு பகுதியை 1958-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கியது. மீதியில் பெரும்பங்கு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

இன்று சேகரிப்பாளர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். விண்கல்லா என்று அறிய வலுவான காந்தத்தை ஒட்டிப் பார்க்கக் கூடாது. பல கோடி ஆண்டுகளாகக் கல்லுக்குள் பதிந்திருக்கும் காந்தத் தடயம் அதனால் அழிந்துவிடும்.