தேடல் கிராஃப் 100-ஐத் தொட்டால் என்ன அர்த்தம்?

தேர்தல் வந்தால் போதும், பெரிய நடிகர் படம் வந்தால் போதும், வாட்ஸ்ஆப்பில் ஒரு கிராஃப் சுற்ற ஆரம்பித்துவிடும். இரண்டு வண்ணக் கோடுகள், ஒன்று உச்சியில், ஒன்று தரையில். கீழே ‘கூகுளே சொல்லிவிட்டது’ என்று ஒரு வரி. கூகுள் அப்படி எதுவும் சொல்லியிருக்காது. இத்தகைய படங்களைப் பார்த்ததும் எழும் சில சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

தேடல் போக்கைக் கிராஃபாகக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் ஒருவர் பெயருக்கு 100 காட்டுகிறது. 100 லட்சம் பேர் தேடினார்களா, அல்லது 100 சதவீதமா?

இரண்டுமே இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில், தேர்ந்தெடுத்த காலத்துக்குள், அந்தச் சொல் உச்சத்தைத் தொட்ட புள்ளிக்கு 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். 50 என்றால் அந்த உச்சத்தில் பாதி. உச்சம் என்பது பத்தாயிரம் தேடலா, பத்து லட்சமா என்பது கிராஃபில் தெரியாது.

அதோடு, இது தேடல்களின் எண்ணிக்கையே அல்ல. அந்த நேரத்தில் அந்த இடத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் கணக்கு. அதுவும் எல்லாத் தேடல்களையும் எண்ணி அல்ல, ஒரு மாதிரியை எடுத்துத்தான். 0 என்று காட்டினால் யாருமே தேடவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கில் ஏறும் அளவுக்குத் தேடல் இல்லை, அவ்வளவுதான்.

படத்தைப் பரப்புகிறவர்களுக்குக் கைகொடுப்பது கால அளவு. ‘கடந்த 7 நாட்கள்’ என்று வைத்தால் 100 தொடும் ஒரு பெயர், ‘கடந்த 5 ஆண்டுகள்’ என்று மாற்றியதும் 10-க்குக் கீழே போய்விடலாம். எந்தக் காலம், எந்த இடம் என்று குறிப்பிடாத படத்தை நம்புவதற்கு ஒன்றுமில்லை.

மாநில வாரியான வரைபடத்தில் புதுச்சேரி அடர்நிறமாகவும் தமிழ்நாடு வெளிறியும் இருந்தால், புதுச்சேரிக்காரர்கள்தான் அதிகம் தேடினார்களா?

இங்கேயும் பங்குதான். புதுச்சேரியில் நடந்த தேடல்களில் அந்தச் சொல்லின் விகிதம் கூடுதல் என்றால் அதற்கு அடர்நிறம் கிடைக்கும். மொத்த எண்ணிக்கையில் தமிழ்நாடு பல மடங்கு முன்னால் இருக்கக்கூடும். தேர்தல் முடிவு வரைபடங்களில் வேறு மாதிரி மயக்கம் ஒன்று உண்டு: சென்னை மாவட்டத்தின் 16 சட்டமன்றத் தொகுதிகள் 234 தொகுதிகள் கொண்ட படத்தில் ஓர் ஓரப் பொட்டாகச் சுருங்கிவிடும். மலையும் காடுமாகப் பரந்த ஒரே தொகுதி கண்ணை நிறைக்கும். நிறம் நிலத்துக்குப் பூசப்படுகிறது, வாக்காளர்களுக்கு அல்ல.

அதிகம் தேடப்படுகிறவர் ஜெயிப்பார் என்கிறார்களே?

கைதானாலும் தேடுவார்கள், உளறினாலும் தேடுவார்கள். தேடுகிறவரின் மனதில் இருப்பது ஆதரவா, ஆத்திரமா என்று கிராஃபுக்குத் தெரியாது. இது வாக்கெடுப்பு அல்ல என்று கூகுளே தன் விளக்கப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. ஒரே பெயரைச் சிலர் தமிழிலும் சிலர் ஆங்கில எழுத்திலும் தட்டுகிறார்கள். ‘தேடல் சொல்’ என்று கொடுத்தால் இவை தனித்தனி. ‘தலைப்பு’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் பல மொழி, பல எழுத்துத் தேடல்களும் ஒன்றாகச் சேரும். ஒருவரைத் தலைப்பாகவும் எதிராளியைச் சொல்லாகவும் போட்டு ஒப்பிட்டால் முடிவை முதலிலேயே எழுதிவைத்ததாகத்தான் பொருள்.

தேடல்களை வைத்துக் காய்ச்சல் பரவுவதைக் கணித்தார்கள் என்று படித்த ஞாபகம். அது என்ன ஆனது?

2008 நவம்பரில் கூகுள் தொடங்கிய ‘ஃப்ளூ டிரெண்ட்ஸ்’ திட்டம் அது. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவர்களிடமிருந்து கணக்கு வாங்கி வெளியிட ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். மக்கள் கூகுளில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து அதை உடனுக்குடன் மதிப்பிட்டுவிடலாம் என்பது யோசனை. சுமார் 5 கோடி தேடல் தொடர்களை அலசி, பழைய காய்ச்சல் கணக்கோடு ஒத்துப்போன 45-ஐப் பொறுக்கி எடுத்தார்கள். 2009-இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது, உலகமே வியந்தது.

அதே ஆண்டு பன்றிக் காய்ச்சல் வழக்கமான பருவத்தை விட்டு வசந்த காலத்தில் பரவியபோது திட்டம் அதைக் குறைத்து மதிப்பிட்டது. 2012–13 குளிர்காலத்தில் நேர்மாறாக, மையத்தின் கணக்கைப் போல இரண்டு மடங்கு காய்ச்சலைக் காட்டியது. 2015-இல் கணிப்புகளை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

காரணங்களை 2014-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் அலசினார்கள். காய்ச்சலும் வருவது குளிர்காலத்தில், அமெரிக்கப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடுவதும் குளிர்காலத்தில். ஆகவே கூடைப்பந்துத் தேடலும் காய்ச்சலோடு அழகாக ஒத்துப்போகும்! 5 கோடியில் தேடினால் இப்படித் தற்செயலாக ஒத்துப்போகிறவை நிறையக் கிடைக்கும். இன்னொரு காரணம், கூகுள் தன் தேடல் பக்கத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. தேடும்போது அது எடுத்துக்கொடுக்கும் பரிந்துரைகள் மாற மாற, மக்கள் தேடுவதும் மாறியது. அளவுகோலே நீண்டு சுருங்கினால் எதை அளப்பது?

கூகுள் டிரெண்ட்ஸிலும் அளவுகோல் மாறியதுண்டு. அதில் 2004 முதலான நீண்ட கிராஃபை எடுத்துப் பாருங்கள். 2022 ஜனவரி 1 அருகே ‘குறிப்பு’ என்று சிறிய எழுத்தில் ஒன்று தெரியும். அன்று முதல் தகவல் சேகரிக்கும் முறை மேம்படுத்தப்பட்டது என்று அது சொல்கிறது. அந்த இடத்தில் கோடு துள்ளினால் மக்கள் மனம் மாறியதாகக் கட்டுரை எழுதிவிடக் கூடாது.

யூடியூப் ஷார்ட்ஸில் பார்வைகள் திடீரென எகிறியதற்கும் இதுதான் காரணமா?

அதே வகைதான். 2025 மார்ச் 31 முதல் ஒரு ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. எத்தனை நொடி பார்க்க வேண்டும் என்ற வரம்பு கிடையாது. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் பார்வையாளர்தான். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னுமான எண்களை ஒரே கோட்டில் வரைவது வீண் வேலை.

கூகுள் மேப்ஸில் தெரு சிவப்பாக இருந்தால் நெரிசல் நிச்சயமா?

பெரும்பாலும் ஆம். ஆனால் அது பார்ப்பது வண்டிகளை அல்ல, மெதுவாக நகரும் போன்களை. பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 பழைய போன்களை ஒரு சிறு வண்டியில் போட்டு, ஆளில்லாத தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். வரைபடத்தில் தெரு சிவந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் அந்தக் காணொளி வெளியானது.

எண்கள் சரியாகவே இருந்தால் கிராஃப் ஏமாற்றாது அல்லவா?

தாராளமாக ஏமாற்றும். 48, 52 என்ற இரண்டு எண்களைப் பட்டைகளாக வரையுங்கள். அச்சை 0-இல் தொடங்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். 45-இல் தொடங்கினால் ஒன்று 3 அளவு உயரம், மற்றது 7. இரண்டு மடங்குக்கும் மேல்! பட்டை என்றால் 0-இல்தான் தொடங்க வேண்டும். கோட்டு கிராஃபுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் அச்சில் எண்களே போடாத கோட்டைச் சீந்தாதீர்கள்.

டிரெண்ட்ஸ் தகவலை இறக்கி எக்செலில் திறந்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கிறுக்கலாக வருகின்றன.

கோப்பு கெட்டுப்போகவில்லை. அந்த சிஎஸ்வி கோப்பை நேரடியாகச் சொடுக்கித் திறக்காமல், எக்செலின் ‘டேட்டா’ பகுதியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். எழுத்து முறை கேட்கும் இடத்தில் ‘65001: யூனிகோட் யூடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாகவே வரும். கூகுள் ஷீட்ஸில் திறப்பவர்களுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.