பிசாசா, நோயா? – சோமாலி அகதிகளும் மனநோயும்



நம் செவிலியர் பள்ளியில் பயின்று, ஒரு நிவாரண அமைப்பின் மூலமாகக் கென்யா நாட்டின் தாதாப் அகதி முகாமில் மூன்று ஆண்டுகள் பணிசெய்து திரும்பிய சகோதரி, மிஷனெரி ஞாயிறன்று நம் சிற்றாலயத்தில் பேசியதை உங்களில் அநேகர் கேட்டீர்கள். ஆராதனை முடிந்தபின் பெட்டியில் விழுந்த கேள்விச் சீட்டுகளில் பாதிக்குமேல் ஒரே காரியத்தையே கேட்டன. அங்கே மனநோயாளிகள் என்று சொல்லப்படுகிறவர்களுக்கு உண்மையில் பிசாசு பிடித்திருக்கிறதா? அப்படியானால் மாத்திரை எதற்கு? அரைப் பக்கத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த ஜனங்கள் இந்த நோயை என்னவென்று அழைக்கிறார்கள் என்பதை விளக்காமல் பதில் சொல்ல வழியில்லை. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991 ஜனவரியில் சோமாலியாவில் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தது. குலத்துக்கு எதிராகக் குலம் ஆயுதம் எடுத்தது. எல்லையைக் கடந்து ஓடிவந்தவர்களுக்காகக் கென்யாவின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் இஃபோ, தகஹலே, ஹகதேரா என்று மூன்று முகாம்கள் 1991, 1992-ம் ஆண்டுகளில் அமைந்தன. மூன்றும் சேர்ந்து 90,000 பேருக்கென்று திட்டமிடப்பட்டவை. 2011-ல் பஞ்சம் வந்தபோது அங்கே இருந்தவர்கள் 4 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே திருமணமாகி, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. ஒட்டகமும் ஆடும் மேய்த்து, வானத்தைப் பார்த்து இடம் பெயர்ந்து வாழ்ந்த ஒரு ஜனம், வேலிக்குள் ரேஷன் அட்டையோடு உட்கார்ந்திருக்கிறது. மனம் நோகாமல் என்ன செய்யும்?

ஆனால் "மனநோய்" என்று நாம் சொல்கிற அந்த ஒரு சொல்லுக்குள் அவர்கள் எல்லாவற்றையும் அடைப்பதில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் குடியேறிய சோமாலியரிடம் பேசி ஜெனிபர் கேரல் என்ற மருத்துவர் 2004-ல் எழுதிய கட்டுரை மூன்று சொற்களைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது: முருக், வாலி, ஜின். முருக் என்றால் துக்கம். கணவன் இறந்தான், மகன் காணாமற்போனான், ஊர் போயிற்று என்றால் வருகிற பாரம். அது நோயல்ல, ஆண்டவனின் சோதனை. அதற்கு மருந்து தொழுகையும், உறவுக்காரர் கூடி உட்கார்ந்து பேசுவதும். வாலி என்றால் பைத்தியம். (திரைப்படப் பாடல் எழுதியவரின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தெருவில் துணியின்றித் திரிகிறவன், கல்லெறிகிறவன் வாலி. இந்த இரண்டுக்கும் நடுவே படி இல்லை என்பதே பெரும்பாலோரின் எண்ணம். ஒருவன் தெளிந்தவன், அல்லது பைத்தியம். டாக்டர்கள் மனச்சோர்வு என்கிறார்களே, அதற்கு நேரான ஒரு சொல் சோமாலி மொழியில் கிடையாது. இருதயம் உடைந்துபோயிற்று என்பதைக் "கல்பி ஜப்" என்பார்கள். நம் ஊர் முஸ்லிம் நண்பர்கள் "கல்பு" என்று சொல்வது இதே அரபுச் சொல்தான்.

இது ஏதோ மொழியாராய்ச்சி என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் வழியாக "உனக்கு மனதில் ஏதாவது கோளாறு உண்டா?" என்று கேட்டால், அந்தத் தாயின் காதில் விழுவது "நீ வாலியா?" என்ற கேள்வி. அவள் எழுந்து போய்விடுவாள். அவள் மட்டுமா? வீட்டில் ஒருவர் வாலி என்று பெயர் வந்துவிட்டால் தங்கைகளுக்கு வரன் வராது. ஆகவே தலைவலி, உடம்பெல்லாம் எரிச்சல், இரவில் தூக்கமில்லை என்றுதான் வருவார்கள். "தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் அடுத்த வாரம் அதே தலைவலியோடு வருவார்கள்; 'தூக்கம் எப்படி, யாரை நினைத்து விழித்திருக்கிறீர்கள்?' என்று கேட்டால் அழுவார்கள்" என்றார் சகோதரி. மொழிபெயர்ப்பவர் எதிர்க் குலத்தைச் சேர்ந்தவராக இருந்துவிட்டால் அழவும் மாட்டார்கள். யாரால் வீடு எரிந்ததோ அந்தக் குலத்தாரின் முன்னே யார் வாய் திறப்பார்கள்?

மூன்றாவது சொல் ஜின். தேவன் நெருப்பிலிருந்து படைத்த, கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் இருப்பதாகக் குர்ஆன் சொல்கிறது; அவற்றில் நல்லவையும் உண்டு, கெட்டவையும் உண்டு. கெட்ட ஜின் ஒருவனுக்குள் புகுந்தால் அவன் தன்னை அறியாமல் பேசுவான், அலறுவான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஜின்னைத் தவிர கண்ணேறு, சூனியம், பெற்றவர்களின் சாபம் ஆகியவையும் காரணங்களாகச் சொல்லப்படும். சாபத்தை "ஹபார்" என்பார்கள். தாய் மனம் நொந்து இட்ட ஹபார் பிள்ளையைச் சித்தம் கலங்கச் செய்யும் என்று அஞ்சுவார்கள். முதலில் அழைக்கப்படுகிறவர் ஷேக். அவர் குர்ஆன் வசனங்களை ஓதுவார். ஓதிய தண்ணீரைக் குடிக்கவும் மேலில் தெளிக்கவும் கொடுப்பார். அதற்குத் "தஹ்லீல்" என்று பெயர். மாலை வேளையில் நம் ஊர்ப் பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையோடு நிற்கிற தாய்மாரைப் பார்த்திருக்கிறீர்களே. அவர்களில் இந்துக்களும் உண்டு, நம் சபை அம்மாக்களும் உண்டு. ஆகவே தஹ்லீலைப் பற்றி ஏளனமாக எழுத எனக்குத் துணிவில்லை. "இலாஜ்" என்ற பெயரில் குர்ஆன் ஓதிக் குணமாக்கும் தங்குமிடங்களும் இருக்கின்றன. சிலவற்றில் அடியும் உண்டு.

"சார்" என்ற இன்னொரு வழக்கமும் உண்டு. கொட்டு முழக்கி, சாம்பிராணி போன்ற வாசனைப் புகையிட்டு, ஆவியிடம் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். பெரும்பாலும் பெண்களுக்கு. ஷேக்குகளில் பலர் இதை மார்க்கத்துக்கு விரோதம் என்று கண்டிப்பார்கள். சோமாலியரிடையே நீண்ட காலம் ஆராய்ச்சி செய்த பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஐ.எம். லூயிஸ் இதில் ஒன்றைக் கவனித்தார். கணவன் இரண்டாவது மனைவி கொண்டுவர நினைக்கும் வீட்டில், பேச உரிமையில்லாத முதல் மனைவியின் வாய்வழியாக ஆவி புதுத் துணியும் வாசனைத் தைலமும் நல்ல ஆகாரமும் கேட்கிறது! மாமியார் கொடுமையில் பேயாடுகிற மருமகள்களைக் கிராமங்களில் பார்த்த நமக்கு இது புரியாததல்ல.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று தனித்தனியே சொல்லப்படுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுத சுவிசேஷகனே துணியவில்லை. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியாவிடம் தேவதூதன் எந்த ஆவியையும் துரத்தவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். ஆவிகளின் உலகம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வேதத்தை நம்புகிறவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஆறு மாதமாகத் தூங்காமல், காதில் குரல் கேட்கிறது என்று நடுங்குகிற ஒரு வாலிபனுக்கு ஹாலோபெரிடால் கொடுத்தால் சில வாரங்களில் குரல் அடங்குகிறது என்றால், அந்த மாத்திரையும் தேவன் தந்த நன்மைதானே. போரில் துப்பாக்கி பிடித்தவர்கள் "காத்" இலையை அளவுக்குமீறி மென்று சித்தம் கலங்குவதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

சகோதரி சொன்னவற்றில் என் மனதை விட்டு நீங்காதது வேறொரு சொல்: "பூஃபிஸ்". ஊதுதல், காற்றால் நிரப்புதல் என்ற சொல்லிலிருந்து வந்ததாம். தாதாப் முகாமில் இதற்குப் பொருள், அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ குடியேற வேண்டும் என்ற ஏக்கம் ஒருவனுக்குள் ஊதி ஊதிப் பெருத்து வேறெதற்கும் இடமில்லாமல் போவது. சிண்டி ஹார்ஸ்ட் என்ற மானிடவியலாளர் 2006-ல் வெளியிட்ட நூலில் இதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஏக்கத்துக்கும் அதே பெயர், அந்த ஏக்கம் உடைந்து புத்தி பேதலித்தாலும் அதே பெயர். முகாமில் யாரைக் கேட்டாலும் தனக்குத் தெரிந்த ஒரு பூஃபிஸ்காரனைக் காட்டுவார்களாம். முன்பு கடையில் கணக்கு எழுதியவன்; நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் வேலையை விட்டான்; பட்டியலில் பெயர் இல்லை; அன்றிலிருந்து விளம்பரப் பலகைக்கு முன்னேயே நிற்கிறான்.

2017 ஜனவரி 27 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணையில் சோமாலியாவும் அடக்கம். பல ஆண்டு விசாரணை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து, சாமான்களை விற்றுவிட்டு நைரோபி வரை வந்தவர்கள் முகாமுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். இதற்கு ஜின்னைக் காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று அந்த ஜனங்களுக்கே தெரியும். பூஃபிஸுக்கு ஷேக் ஓதுவதாலும் பெரிய பலனில்லை, மாத்திரையாலும் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். விசா ஒன்றுதான் மருந்து என்பார்களாம், சிரித்துக்கொண்டே.

சங்கிலியைப்பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. சோமாலியாவில் மூவரில் ஒருவர் ஏதோ ஒருவிதமான மனநோயால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. மருத்துவரோ மருந்தோ அருகில் இல்லை. எழுந்து ஓடுகிற மகனைத் தாய் என்ன செய்வாள்? குண்டு விழுகிற தெருவில் விடுவதா? மரத்தில் கட்டுகிறாள். கொடுமைக்காரி என்று அவளை நினைக்காதீர்கள்; ஓடிப்போய்ச் சாகாமல் இருக்கட்டும் என்றே கட்டுகிறாள். அதே நிறுவனம் 2006-ல் மொகதிஷுவில் ஒரு திட்டத்தைத் துவக்கியது: முதலில் மருத்துவமனையில் சங்கிலி இல்லை, பின்பு வீட்டில் இல்லை, பின்பு ஊரில் இல்லை என்று படிப்படியாக. அந்த நகரில் மனநல மருத்துவமனை நடத்திவந்த, "டாக்டர் ஹபீப்" என்று ஜனங்கள் அழைக்கும் அப்திரகுமான் அலி அவாலே, இன்னொரு வழக்கத்தை 2013-ல் வெளியுலகுக்குச் சொன்னார். கழுதைப்புலியின் கண்ணுக்கு ஆவிகள் தெரியும் என்று நம்பி, பணம் கொடுத்து நோயாளியை அந்த மிருகத்தோடு ஓர் இரவு அறையில் அடைத்து வைப்பார்கள்.

வாசிக்கிறபோதே "ஐயோ, அந்த நாட்டில்" என்று உங்கள் உதடு முணுமுணுக்கலாம். 2001 ஆகஸ்டு 6-ம் தேதி நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியிடுவதை நம் நாட்டில் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்தது 2017-ல்தான். கல்லறைகளில் குடியிருந்த அந்தக் கதரேனர் நாட்டு மனுஷனையும் பலமுறை சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார்.

அப்படியானால் சகோதரியும் உடன் ஊழியரும் என்னதான் செய்தார்கள்? "ஜின் எல்லாம் பொய், இது மூளையில் ஒரு ரசாயனக் குறை" என்று அவர்கள் ஒரு தாயிடமும் சொல்லவில்லை. சொன்னால் தாய் மறுபடியும் வரமாட்டாள். "ஆமாம், ஜின்தான்" என்றும் சொல்லவில்லை. ஷேக்கைப் போய்ப் பார்த்தார்கள். தேவன் ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை வைத்திருக்கிறார் என்ற கருத்து நபிமொழியிலேயே உண்டு; நல்ல ஷேக்குகள் அதை எடுத்துச்சொல்லி நோயாளியை அனுப்பிவைத்தார்கள். 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையிலேயே சித்தம் கலங்கியவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே வைத்தியம் அவர்கள் மார்க்கத்துக்கு அந்நியமல்ல. தஹ்லீல் தண்ணீரைக் குடித்தே மாத்திரையை விழுங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ரமலான் மாதத்தில் நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்றாலும் பலர் கேட்பதில்லை; காலை மாத்திரையை நோன்பு துறந்தபின் சாப்பிடும்படி மாற்றிக் கொடுத்தார்கள். சோர்வுற்றவர்களிடம் வியாதியின் பெயரையே சொல்லாமல், "கல்பி ஜப் என்கிறீர்களே, அது ஆற இந்த மாத்திரை, தூக்கமும் வரும், இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும்" என்றார்கள்.

இரண்டு சீட்டுகள், அவர்களுக்குச் சுவிசேஷம் சொல்லப்பட்டதா என்று கேட்டன. அந்த முகாமில் நோயாளியிடம் மதம் பேசக்கூடாது என்பது அவர் பணிசெய்த அமைப்பின் விதி. சகோதரி அதைக் கைக்கொண்டார். நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். தன் சிந்தையே தன் வசத்தில் இல்லாத ஒருவனிடம் மாத்திரையை ஒரு கையிலும் துண்டுப்பிரதியை மறு கையிலும் நீட்டுவதை ஆண்டவர் விரும்புவார் என்று நான் நம்பவில்லை. இதில் என்னோடு உடன்படாத பங்காளர்கள் இருக்கலாம். எழுதுங்கள், பதில் தருகிறேன்.

பழைய துணி அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அனுப்பும் செலவு துணியின் விலையைவிட அதிகம். அங்கே உண்மையில் குறைவுபடுவது மருந்தின் தொடர்ச்சி. 2025-ல் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியைக் குறைத்தபின் கென்யாவிலுள்ள முகாம்களில் ஆகாரப் பங்கே வெட்டப்பட்டது. மாதம் ஒருமுறை போடும் ஊசி ஒரு மாதம் தவறினால் நோய் பலருக்கும் திரும்பிவிடும். "பார்த்தாயா, ஜின் போகவில்லை" என்று அயலார் சொல்வார்கள். சங்கிலி வெளியே வரும். சகோதரிக்குத் தெரிந்த ஒரு தாய், மகன் தெளிந்து ஒரு வருஷமான பிறகும் சங்கிலியைத் தூக்கி எறியாமல் கட்டிலின் கீழே துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். அந்த வீட்டுக்காகவும், நாள் தவறாமல் ஊசி போய்ச் சேரவும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.