மருந்தாகப் பிறக்கும் மகவு

பெற்ற பிள்ளைகளுள் ஒன்றின் கண்ணில் வெண்ணெயும் மற்றொன்றின் கண்ணில் சுண்ணாம்பும் வைத்தல் ஆகாது என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் நீதி. ஆயின், ஒரு பிள்ளை நோய்ப்படுக்கையில் வாட, மற்றொரு பிள்ளை இன்னும் கருவாகவும் தோன்றாதிருக்க, அவ்விரண்டிற்கும் நடுவே நீதி வழங்க வேண்டிய பெற்றோர் என் செய்வர்? நம் முன்னோர் அறியாத இக்கேள்வியை இன்றைய விஞ்ஞானம் நம் வாசலிற் கொணர்ந்து நிறுத்தியிருக்கிறது.

தலசீமியா என்பது பரம்பரையாக வரும் இரத்த நோய். தாய் தந்தை இருவரிடத்தும் அதன் கூறு மறைந்திருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்நோய் வருதற்கு 4-ல் 1 பங்கு வாய்ப்புண்டு. கடுமையான வகையாயின், சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியே குழந்தையைக் காக்க வேண்டும். அதனால் உடலிற் சேரும் இரும்புச் சத்தோ, இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். நோய் தீர நெடுநாளாகக் கைகண்ட பரிகாரம், பொருத்தமான ஒருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்றுதலாகும். உடன்பிறந்தார் ஒருவரது மஜ்ஜை முழுதும் பொருந்துவதற்கும் 4-ல் 1 பங்கு வாய்ப்பே உண்டு.

எனவேதான் புதியதொரு வழி பிறந்தது. உடலுக்கு வெளியே கருக்களை உண்டாக்கிச் சோதித்து, நோயற்றதும் மூத்த பிள்ளைக்குப் பொருந்துவதுமான கருவைத் தாயின் கருப்பையில் வைக்கின்றனர். கணக்கின்படி 16 கருக்களில் 3 மட்டுமே இவ்விரு தகுதியும் பெறும். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில், வேறொரு இரத்த நோயுற்ற தமக்கைக்காக ஓர் ஆண் குழந்தை இவ்வாறு பிறந்தது. நம் நாட்டில், குஜராத்தில் 2018-இல் பிறந்த பெண் மகவு ஒன்றின் மஜ்ஜை, 2020-இல் தலசீமியாவுற்ற அதன் தமையனுக்கு ஏற்றப்பெற்றது. தமையன் நலம் பெற்றான்.

மகிழ்ச்சிக்குரிய செய்தியே. எனினும் நம் மனம் அமைதியுறவில்லை. எடுத்த மஜ்ஜை மீண்டும் ஊறிவிடும் என்பது உண்மை. ஆனால் மயக்க மருந்தையும் ஊசியின் வேதனையையும் அச்சிசு தானே விரும்பி ஏற்றதன்று. நோயற்றிருந்தும் பொருந்தாமையால் ஒதுக்கப்பட்ட கருக்களுக்கு யார் விடை கூறுவது? மற்றொரு புறம், மருந்து இதோ என்று அறிந்தும் மகனைச் சாக விடுவதும் தர்மமாகுமோ?

அப்பெற்றோரைக் குறை கூற நாம் துணியோம். நம் கருத்து ஒன்றே: "சிகிச்சை பலிக்காவிடினும் இக்குழந்தை நமக்கு வேண்டுமா?" எனக் கணவனும் மனைவியும் முன்னதாகத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். "வேண்டும்" என்று இருவர் நெஞ்சும் ஒருங்கே கூறுமாயின், அம்மகவு மருந்தன்று, மகவே. அவ்விடை தயங்குமாயின், அவர்களும் தயங்குதல் நன்று.

வடபுலத்தில் வாழும் நமக்கு இது பிறர் கதையன்று. சிந்தியர், பஞ்சாபியர், குஜராத்தியர், வங்காளியரிடையே இந்நோய்க் கூறு மிகுதி, நம்மவரிடத்தும் இல்லாமலில்லை. கூறு மட்டும் உடையோர் பொதுவாக நலமாகவே இருப்பர். ஆதலின் இரத்தச் சோதனையன்றித் தெரியாது. ஜாதகம் பார்க்கும் நாம், திருமணத்திற்கு முன் அச்சோதனையையும் செய்வித்தல் கடன். தீராத தர்மசங்கடத்திற்கு நம் மக்களை ஆளாக்காதிருப்பதும் பெற்றோரின் அறமன்றோ?