மாதனூர்ல இருந்து ஷார்ஜாவுக்கு: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஃபைல்ல என்ன இருக்கணும்?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, கையில ஒரு மஞ்சப்பையோட ஒருத்தர் நம்ம ஆம்பூர் ஆபீஸுக்கு வந்தார். மாதனூர் பக்கம். வயசு 34. ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன்ல 8 வருஷமா வேலை. கூடவே மனைவியும் வந்திருந்தாங்க, அவங்களும் அதே கம்பெனி, ஸ்டிச்சிங்.

"சார், பிஎஃப் மொத்தமா எடுத்துக் குடுங்க. அடுத்த மாசம் ஷார்ஜா போறேன்."

பிஎஃப் கேஸ்தானேன்னு யூ.ஏ.என். நம்பர் கேட்டேன். அவர் பையைத் தலைகீழாக் கொட்டினார். பாஸ்போர்ட், ஆதார், விசா காப்பி, அடகுக்கடை ரசீது, ஜிபே ஸ்க்ரீன்ஷாட் பிரிண்ட் ஒண்ணு. ஆஃபர் லெட்டர் இல்ல. கான்ட்ராக்ட் இல்ல. விசாவைப் படிச்சேன். அது விசிட் விசா.

"ஏஜென்ட் அண்ணா சொன்னாரு சார், போய் இறங்கினதும் வேலை விசாவா மாத்திக் குடுத்துடுவாங்களாம்."

மொத்தம் கேட்டது 1,40,000 ரூபாய். மனைவியோட 3 சவரன் செயினை அடகு வெச்சு 40,000 அட்வான்ஸ் குடுத்தாச்சு. மீதி ஒரு லட்சத்துக்குத்தான் பிஎஃப். அமெரிக்கா 2025 ஆகஸ்ட்ல 50% வரி போட்டதிலிருந்து ஓவர்டைமே இல்லன்னு அவர் சொன்னப்போ, ஏன் கிளம்புறீங்கன்னு நான் கேட்கவே இல்ல. இந்தப் பக்கம் யாரும் ஆசைக்காக மட்டும் கிளம்புறதில்ல. ஆனா அந்த மஞ்சப்பையில இருந்த காகிதங்களை வெச்சு போகக்கூடாது. ஏன்னு விவரமா சொல்றேன்.

முதல்ல பாஸ்போர்ட். அவர் படிச்சது 9-ஆம் வகுப்பு. அதனால பாஸ்போர்ட்ல ஈ.சி.ஆர். முத்திரை இருக்கு. ஈ.சி.ஆர்.னா சென்னைக்காரங்களுக்கு மகாபலிபுரம் ரோடு. நம்ம ஊர்க்காரங்களுக்கு 'எமிக்ரேஷன் செக் ரெக்வயர்டு'. 10-ஆம் வகுப்பு பாஸ் பண்ணாதவங்க, யு.ஏ.இ., சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகணும்னா, 'ப்ரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ்' அலுவலகத்துல அனுமதி வாங்கணும். 1983-ஆம் வருஷத்து எமிக்ரேஷன் சட்டம் இது. நமக்கு அந்த அலுவலகம் சென்னையில இருக்கு, விண்ணப்பம் எல்லாம் இ-மைக்ரேட் போர்ட்டல் வழியா.

நிறைய பேர் இந்த முத்திரையை அவமானமாப் பார்க்கிறாங்க. எனக்கு அப்படித் தோணல. இந்த முத்திரை இருக்கிறதாலதான் முதலாளி பேரு, சம்பளம், வேலை நேரம் எல்லாம் போட்ட கான்ட்ராக்ட் ஒண்ணு இந்திய அரசு கம்ப்யூட்டர்ல ஏறுது. அங்க போனதும் 'சம்பளம் இவ்வளவுதான்'னு வேற பேப்பரை நீட்டினா, தூதரகத்துல காட்ட உங்க கையில ஒரு ஆதாரம் இருக்கும். விசிட் விசாவுல போறவருக்கு அது கிடையாது. அரசு கணக்குல அவர் ஊர் சுத்திப் பார்க்கப் போன ஆளு.

இன்ஷூரன்ஸும் அதே கதைதான். அனுமதி வாங்கிப் போறவங்க 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' கட்டாயம் எடுக்கணும். 2 வருஷத்துக்கு 275 ரூபாய், 3 வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்துல உயிர் போனாலோ, நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய் கவர். ஒரு பிரியாணி செலவு. இதை அந்த ஏஜென்ட் சொன்னாரான்னு கேட்டேன். இப்பதான் சார் கேள்விப்படறேன்னார்.

அடுத்தது ஏஜென்ட். இங்கதான் பணம் போகுது, அதனால இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பணும்னா மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும். பெரிய ஏஜென்சின்னா 50 லட்சம் ரூபாய்க்கு பேங்க் கேரண்டி கட்டணும். அப்படிப் பதிவு பண்ணின ஏஜென்ட், வேலைக்குப் போறவர்கிட்ட வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதுக்கு 18% ஜி.எஸ்.டி. ஆக 35,400. அதுக்கு ரசீது குடுக்கணும். இவர்கிட்ட கேட்டது 1,40,000. ஜிபேல பணம் போனது ஒரு தனி மனுஷரோட பேருக்கு. ரசீது கேட்டதுக்கு "நம்பிக்கை இல்லையா தம்பி"ன்னு பதில் வந்திருக்கு. இருபது ரூபாய் டீக்கு பில் குடுக்கிற ஊர்ல, நாப்பதாயிரத்துக்கு நம்பிக்கைதான் ரசீதாம்.

பதிவு இல்லாம ஆள் அனுப்பினா 2 வருஷம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம்னு சட்டம் சொல்லுது. 1983-ல போட்ட 2,000. இன்னைக்கு அந்த அபராதம் யாரை பயமுறுத்தும்னு எனக்குத் தெரியல.

ஏஜென்ட்டோட பதிவு எண்ணைக் கேளுங்க. இ-மைக்ரேட் தளத்துல அதைப் போட்டா, லைசென்ஸ் நடப்புல இருக்கா, நிறுத்தி வெச்சிருக்காங்களா, ரத்தாயிடுச்சான்னு தெரியும். பேரு மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க, முகவரியையும் பாருங்க. இன்னொருத்தர் லைசென்ஸ் நம்பரைக் காட்டி வாடகைக்கு ஓட்டுற சப்-ஏஜென்ட்டுங்க நிறைய. சட்டத்துல சப்-ஏஜென்ட்டுன்னு ஒரு ஆளே கிடையாது. பதிவில்லாத ஏஜென்ட்டுகளோட பட்டியலையும் மாநில வாரியா அந்தத் தளத்துலயே போட்டிருக்காங்க.

இப்போ என் வேலை: கணக்கு. அவர் எதிர்லயே ஒரு பேப்பர்ல போட்டேன்.

ஏஜென்ட் சொன்ன சம்பளம் மாசம் 1,200 திர்ஹாம். ரூம் ஃப்ரீ. சாப்பாடு, போன், சில்லறைச் செலவுன்னு 500 திர்ஹாம் போனா, ஊருக்கு அனுப்ப மிச்சம் 700. ஒரு திர்ஹாம் 24 ரூபாய்னு வெச்சா 16,800. இப்போ கம்பெனியில கைக்கு வர்றது 14,500; அதுல அவரோட சொந்தச் செலவு 3,500 போக வீட்டுக்கு 11,000. பார்க்க ஷார்ஜாதான் லாபம்.

பிஎஃப்பைத் தொடாம, ஏஜென்ட் பணம் முழுசும் 1,40,000 கடனா வாங்குறார்னு வெச்சுக்குவோம். அடகுக்கடை வட்டி மாசம் 2%, அதாவது 2,800. அசலை 2 வருஷத்துல அடைக்கணும்னா மாசம் 5,833. ரெண்டையும் கழிச்சா வீட்டுக்கு மிஞ்சுறது 8,167. இங்கயே இருந்தா வர்றதைவிட கம்மி! அதே வேலைக்கு சட்டப்படி 35,400 மட்டும் குடுத்திருந்தா? வட்டி 708, அசல் 1,475. மிச்சம் 14,617. (அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், எளிமைக்காக அதை விட்டுட்டேன். டிக்கெட், மெடிக்கல் செலவும் சேர்க்கல.) நாடு, வேலை, சம்பளம் எல்லாம் ஒண்ணுதான். ஏஜென்ட்டுக்குக் குடுக்கிற தொகை மட்டும்தான் மாறுது, லாபம் நஷ்டமா மாறிடுது.

அவங்க மனைவி அந்தப் பேப்பரை மடிச்சு ஹேண்ட்பேக்ல வெச்சுக்கிட்டாங்க.

இந்த இடத்துல பிலிப்பைன்ஸைப் பத்திச் சொல்லணும். துபாய், தோஹா கடைகள்ல, ஆஸ்பத்திரிகள்ல நீங்க பார்க்கிற பிலிப்பினோ தொழிலாளி ஒவ்வொருத்தரும் ஓ.இ.சி.ங்கிற வெளிநாட்டு வேலைச் சான்றிதழோடதான் மணிலா ஏர்போர்ட்டைத் தாண்டணும். படிச்சவர், படிக்காதவர்ங்கிற வித்தியாசமே கிடையாது; நர்ஸுக்கும் வேணும், வீட்டு வேலைக்காரருக்கும் வேணும். கான்ட்ராக்டை அந்த நாட்டுல இருக்கிற அவங்க தொழிலாளர் அலுவலகம் சரிபார்க்கும். நலநிதி உறுப்பினர் கட்டணம் 25 டாலர். ஏஜென்சி ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல வாங்கக்கூடாது. வீட்டு வேலைக்குப் போறவங்ககிட்ட ஒரு பைசாவும் வாங்கக்கூடாது. 1995 மார்ச்ல சிங்கப்பூர்ல ஃப்ளோர் கன்டெம்ப்ளாசியோன்ங்கிற வீட்டு வேலைப் பெண்ணைத் தூக்குல போட்டப்போ அந்த நாடே கொதிச்சது. அதே வருஷம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. 2021 டிசம்பர்ல இதுக்குன்னே ஒரு தனித் துறையை உருவாக்குற சட்டமும் வந்துடுச்சு. அங்கயும் மோசடி ஏஜென்ட்டுங்க இல்லாம இல்ல. ஆனா ஏர்போர்ட்ல அந்தச் சான்றிதழைக் கேட்பாங்கன்னு ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும். நம்ம ஊர்ல இம்மிக்ரேஷன் கவுண்டர்ல "டூரிஸ்ட்டுன்னு சொல்லு, ஹோட்டல் பேர் மனப்பாடம் பண்ணிக்கோ"ன்னு சொல்லித்தான் அனுப்புறாங்க.

ஸ்டிச்சிங் செக்‌ஷன் அக்காங்களுக்கு ஒரு விஷயம். ஓமன்ல, குவைத்ல வீட்டு வேலைன்னு யாராவது கூப்பிட்டா, ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் இருக்கிற பெண்கள் 30 வயசு முடிஞ்சிருக்கணும். தனியார் ஏஜென்ட் வழியா போகவே முடியாது, அரசு நிறுவனங்கள் வழியாத்தான். 2016-லிருந்து இதுதான் விதி. தமிழ்நாட்டுல அது 'ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்', 1978-ல தமிழக அரசு ஆரம்பிச்சது, சென்னையில இருக்கு. ஆண்களும் அங்க பதிவு பண்ணலாம். தனியார் ஏஜென்ட் யாராவது பெண்களை "விசிட் விசாவுல அனுப்புறேன்"னு சொன்னா, அடுத்த வார்த்தை பேசாம எழுந்து வந்துடுங்க.

பேரு பிரச்சினை. இது நம்ம தமிழர்களுக்குன்னே எழுதி வெச்ச தலைவலி. ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பிஎஃப்ல முன்னாடி, பாஸ்போர்ட்ல 'சர்நேம்' கட்டம் காலி. 2022 நவம்பர்ல யு.ஏ.இ. ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விசா கிடையாதுன்னு அறிவிச்சப்போ எத்தனை பேர் முழிச்சாங்க தெரியுமா? அப்புறம் பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல அப்பா பேர் இருந்தா போதும்னு தளர்த்தினாங்க. ஆனாலும் புதுசா எடுக்கிறவங்க, புதுப்பிக்கிறவங்க அப்பா பேரை விரிச்சு சர்நேம்ல போட்டுடுங்க. இவருக்கும் காலிதான். வேலூர் தபால் நிலையத்துல இருக்கிற பாஸ்போர்ட் சேவா மையத்துலயே இதைச் செய்யலாம், சென்னைக்கு அலைய வேண்டாம்.

டிகிரி, டிப்ளமோ வெச்சிருக்கிறவங்களுக்கு சர்டிஃபிகேட் அட்டெஸ்டேஷன் தனி வேலை: மாநில அரசு, வெளியுறவுத் துறை, அப்புறம் அந்த நாட்டுத் தூதரகம். அது தனி வீடியோவாப் போட்டிருக்கேன், இங்க இழுக்கல.

சரி, அவர் கேட்டு வந்த பிஎஃப்புக்கு வருவோம். வெளிநாட்டு வேலைக்குப் போறவர் பிஎஃப்பை முழுசா எடுக்கலாம், விதியில இடம் இருக்கு. 5 வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருக்கிறதால வரியும் இல்ல. (5 வருஷத்துக்குக் குறைவா இருந்து, தொகை 50,000-க்கு மேல போனா, பான் குடுத்தாலும் 10% பிடிப்பாங்க.) ஆனா நான் எடுக்க வேண்டாம்னு சொன்னேன். அதுலயும் முக்கியமா பென்ஷன் பங்கை. 8 வருஷ சர்வீஸ் இருக்கு. 10 ஆனாத்தான் 58 வயசுல பென்ஷன் உரிமை. இப்போ 10-சி ஃபாரம் போட்டுப் பணமா எடுத்தா அந்த 8 வருஷமும் பூஜ்யம். அதே ஃபாரம்லயே 'ஸ்கீம் சர்டிஃபிகேட்' வேணும்னு டிக் பண்ணினா சர்வீஸ் பத்திரமா இருக்கும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து எந்த ஷூ கம்பெனியில சேர்ந்தாலும் அதோட சேர்த்துக்கலாம். வளைகுடா போன நம்ம ஊர்க்காரங்கள்ல நிறைய பேர் திரும்பி வர்றவங்கதான்.

இன்கம் டாக்ஸ் பயம் அவருக்குத் தேவையில்ல, இந்தச் சம்பளத்துக்கு வரி வரப்போறதில்ல. ஆனா பெரிய சம்பளத்துல போறவங்க நாளை எண்ணணும். ஏப்ரல் 1-லிருந்து 182-ஆவது நாள் செப்டம்பர் 29. வேலைக்காக அதுக்கு முன்னாடி கிளம்பி, அந்த நிதியாண்டுல லீவுக்கும் வராம இருந்தா என்.ஆர்.ஐ., வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்க வரி இல்ல. அதுக்குப் பிறகு கிளம்பினா அந்த வருஷத்துக்கு இங்கத்த ஆள்தான். வேலைக்குப் போன பிறகு சாதா சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்.ஆர்.ஓ.வா மாத்தணும், அது எல்லாருக்கும் பொருந்தும். அங்கிருந்து வர்ற பணத்துக்கு என்.ஆர்.இ. அக்கவுண்ட், அதோட வட்டிக்கு இங்க வரி கிடையாது. என்.ஆர்.ஓ. வட்டிக்கு 30%-க்கு மேல டி.டி.எஸ். பிடிப்பாங்க. நேரா மனைவி அக்கவுண்ட்டுக்கு அனுப்பினாலும் அவங்களுக்கு அந்தப் பணத்துக்கு வரி இல்ல.

சிம் கார்டை மறந்துடாதீங்க. ஆதார், பேங்க், பிஎஃப் எல்லாத்துக்கும் ஓ.டி.பி. வர்ற நம்பர் அது. 90 நாள் பயன்படுத்தாம விட்டா நம்பர் கைவிட்டுப் போகலாம். ரோமிங் போட்டு எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா வீட்டுல ஒரு பழைய போன்ல போட்டு ரீசார்ஜ் பண்ணிக்கிட்டே இருங்க.

அன்னைக்கே என் முன்னாடி ஏஜென்ட்டுக்கு போன் போட்டு பதிவு எண் கேட்டார். ரெண்டு நாள் கழிச்சு வாட்ஸ்அப்ல ஒரு நம்பர் வந்தது. போட்டுப் பார்த்தோம், வேற மாநிலத்து கம்பெனி, அதுவும் காலாவதி. பணத்தைத் திருப்பிக் கேட்டப்போ "விசா அடிச்ச செலவு"ன்னு 15,000 பிடிச்சுக்கிட்டு 25,000 குடுத்தாங்க. போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம்னு சொன்னேன். ஏஜென்ட் சொந்தக்காரங்க வழியில தெரிஞ்சவர், வேணாம் சார்னுட்டார். அது எனக்கு இன்னும் உறுத்தலாத்தான் இருக்கு. வெளிநாட்டு வேலை சம்பந்தமா சந்தேகமோ புகாரோ இருந்தா வெளியுறவுத் துறையோட இலவச எண் 1800 11 3090, குறிச்சு வெச்சுக்கோங்க.

இப்போ அவர் கம்பெனி பஸ்ல பழையபடி வேலைக்குப் போறார். அரசு கார்ப்பரேஷன்ல பேர் பதிஞ்சிருக்கார், இன்னும் அழைப்பு வரல. சர்நேம் திருத்தத்துக்கு வேலூர்ல அப்பாயின்ட்மென்ட் கிடைச்சாச்சு. செயின் இன்னும் அடகுக்கடையிலதான், 25,000 கட்டியாச்சு, மீதி 15,000. பிஎஃப் பணம் அப்படியே இருக்கு. போர்ட்டலைத் திறந்தப்போ நாமினி இடம் காலியா இருந்தது. அதுல மனைவி, ரெண்டு பசங்க பேரைப் போட்டு, ஆதார் ஓ.டி.பி. வந்ததும் கையெழுத்து முடிச்சு அனுப்பினோம். அந்தம்மா போட்டோ மட்டும் சரியா ஏறல, மூணு தடவை எடுக்க வேண்டியதாப் போச்சு.