வலது கன்னத்தில் அறைந்தால் 400 வெள்ளிக் காசு!

ஒரு கன்னத்தில் அடித்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டச் சொன்னார், ஏசுநாதர். இது உலகம் அறிந்த செய்தி. "கோழைக்குச் சொன்ன புத்தி" என்று இதைக் கேலி செய்பவர்களும் உண்டு.

ஆனால் மத்தேயு சுவிசேஷத்தின் 5-ம் அதிகாரத்தைக் கவனித்துப் படித்தால், ஒரு சொல் கண்ணில் படும். "வலது" கன்னம் என்று இருக்கிறது!

ஏன் வலது?

புறங்கை அடி

எதிரே நிற்பவரை வலது கையால் அறைவதாக நினைத்துக் கொள்ளுங்கள். (நினைத்தால் போதும்!) உள்ளங்கை அவருடைய இடது கன்னத்தில்தான் விழும். வலது கன்னத்தில் விழ வேண்டுமானால், கையைத் திருப்பிப் புறங்கையால் வீச வேண்டும்.

புறங்கை அடியில் வலியைவிட அவமானம் அதிகம். அதற்கு யூதர்கள் தனி விலையே வைத்திருந்தார்கள்.

வாய்மொழியாக வழங்கிய யூதச் சட்டங்கள் கி.பி. 200-ம் ஆண்டு வாக்கில் தொகுக்கப்பட்டன. அந்த நூலின் பெயர் மிஷ்னா. ஏசுநாதருக்குப் பிந்திய நூல்தான். ஆனாலும் பழைய வழக்கங்கள் அதில் உண்டு.

உள்ளங்கையால் அறைந்தவன் 200 சூஸ் கொடுக்க வேண்டும். புறங்கையால் அறைந்தால் 400 சூஸ்!

சூஸ் என்பது வெள்ளிக் காசு. ரோமர்களின் தெனாரிக்குச் சமம். ஏசுநாதர் சொன்ன திராட்சைத் தோட்டக் கதையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரி. அப்படியானால் ஓர் அறைக்கு ஓராண்டுக் கூலிக்கு மேல் அபராதம்!

காலணா எண்ணெய்

ஒருவன் தெருவில் ஒரு பெண்ணின் முக்காட்டை விலக்கி விட்டான். அவள் ரபி அகிபாவிடம் முறையிட்டாள். அவர் 400 சூஸ் அபராதம் போட்டார்.

அவன் தவணை வாங்கினான். சாட்சிகளை நிறுத்தி வைத்து, அவள் வாசலில் நின்ற நேரம் பார்த்து, ஒரு எண்ணெய்க் கலயத்தைப் போட்டு உடைத்தான். காலணா பெறும் எண்ணெய்தான். அவள் முக்காட்டை நீக்கி, எண்ணெயைத் தொட்டுத் தலையில் தடவினாள்.

"இவளுக்கா 400 சூஸ்?" என்று கேட்டான் அவன்.

ரபி அசையவில்லை. தன் மானத்தை அவளே குறைத்துக் கொள்ளலாம். பிறன் அதைத் தொட்டால் அபராதம்தான் என்பது அவர் தீர்ப்பு.

ஐந்து கணக்கு

கன்னத்தைப் பற்றிப் பேசுமுன், "கண்ணுக்குக் கண்" என்ற பழைய சட்டத்தை ஏசுநாதர் நினைவூட்டுகிறார். யூத ரபிகள் இதற்குப் பொருள் சொன்னபோது கண்ணைப் பிடுங்கச் சொல்லவில்லை. இழப்பு, வலி, வைத்தியச் செலவு, வேலை கெட்ட நாட்கள், அவமானம் என்று ஐந்துக்கும் பணம் கட்டச் சொன்னார்கள்.

வலது கன்னத்து அறை, ஐந்தாவது கணக்கைச் சேர்ந்தது. "அவமானத்துக்கு விலை கேட்டு வழக்காடாதே" என்பதே ஏசுநாதர் சொன்னதன் கருத்து என்று அறிஞர்கள் சிலர் கூறுகிறார்கள். அடிபட்டவன் திருப்பி அடிக்கவில்லை, வழக்குப் போடவில்லை, ஓடவும் இல்லை. நிமிர்ந்து நிற்கிறான்.

ஏசுநாதரே ஒரு முறை அறை வாங்கினார். விசாரணையின்போது ஒரு சேவகன் அறைந்ததாக யோவான் சுவிசேஷம் சொல்கிறது. அவர் கையை ஓங்கவில்லை. வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. தாம் பேசியது தவறானால் அதை எடுத்துக்காட்டும்படியும், சரியானால் ஏன் அடித்தாய் என்றும் அவனிடமே கேட்டார்.

சேவகன் என்ன பதில் சொன்னான் என்று யோவான் எழுதவில்லை.