கணினிக்கும் பொருத்தம் பார்த்தல் வேண்டும்!

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், பெரும்பொருள் செலவிட்டு வாங்கும் விளையாட்டுக் கணினிக்கு ஒரு பொருத்தமேனும் பார்க்கின்றோமா? புனித அந்தோனியார் திருத்தலத்தாற் பெயர்பெற்றது மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை. அங்குள்ள ஒரு குடும்பம் பிள்ளையின் விருப்பத்திற்கிணங்கிக் கண்டிக்கோ, கொழும்பு பம்பலப்பிட்டியிலுள்ள யூனிட்டி பிளாசாவிற்கோ சென்று உறுப்புகளை வாங்குகின்றதெனக் கொள்வோம். பொருந்தாத ஒன்றை மாற்றுதற்கு மீண்டும் பஸ் ஏறுதல் எளிதன்று. சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் வீணாகும். ஆகவே புறப்படுமுன் சில உண்மைகளை அறிந்திருத்தல் நலம்.

விளையாட்டுக் கணினியில் முதன்மையாக உழைப்பவை இரண்டு. ஒன்று புரொசசர் எனப்படும் செயலி. மற்றது கிராபிக்ஸ் கார்ட் எனப்படும் வரைகலை அட்டை. கோலமிடும் சகோதரியர் இருவரை இவற்றிற்கு உவமை கூறலாம். மூத்தவள் புள்ளி வைக்கின்றாள். இளையவள் கோடிழுத்து வண்ணம் நிரப்புகின்றாள். ஆட்டக்காரன் எங்கு நிற்கின்றான், பந்து எத்திசையிற் செல்கின்றது என்பனவற்றைக் கணித்தல் செயலியின் வேலை. அதனைப் படமாக்கித் திரைக்கு அனுப்புதல் அட்டையின் வேலை.

விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒவ்வொரு படத்திற்குமுரிய தத்தம் வேலையை இவ்விரண்டும் 16.7 மில்லி விநாடிக்குள் முடித்தல் வேண்டும். செயலிக்கு 20 மில்லி விநாடியும் அட்டைக்கு 8 மில்லி விநாடியும் தேவைப்படுமாயின், கிடைப்பவை 50 படங்களே. 4 மில்லி விநாடியில் முடிக்கும் விலையுயர்ந்த அட்டையை வாங்கிப் பூட்டினும் அதே 50 தான்! புள்ளி வைப்பவள் தாமதித்தால், வண்ணம் நிரப்புபவள் கைகட்டி நிற்க வேண்டியதே.

திரையையும் கருதுதல் வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் ஏறக்குறைய 20 இலட்சத்து 73 ஆயிரம் படப்புள்ளிகள் உள. 3840க்கு 2160 அளவுள்ள திரையிலோ அதன் நான்கு மடங்கு. திரை விரிந்தால் அட்டையின் சுமை பெருகும். செயலியின் சுமை பெரிதும் மாறாது. விளையாட்டிற்கு விளையாட்டும் வேறுபாடுண்டு. 2023இல் வெளிவந்த கவுண்டர் ஸ்டிரைக் 2 செயலியையும், 2020இல் வந்த சைபர்பங்க் 2077 அட்டையையும் மிகுதியாக வருத்துவன.

வீட்டில் ஏற்கனவே கணினியிருப்பின், பணமின்றிச் செய்யத்தக்க சோதனையொன்றுண்டு. படவேகத்திற்கு வரம்பிடும் அமைப்பை நீக்கிவிட்டு, விளையாட்டின் பிரிதிறனைக் குறைத்துப் பாருங்கள். படவேகம் உயர்ந்தால், தடை அட்டையிடத்து. உயராவிடின், தடை செயலியிடத்து. செயலியின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம் என்று காட்டுவதைக் கண்டு ஏமாறற்க. அதன் கருக்களுள் ஒன்று மட்டும் மூச்சுத்திணற, ஏனையவை ஓய்ந்திருத்தலும் கூடும்.

புதிதாக வாங்குவோர் முதலில் விளையாட்டையும் திரையையும் தீர்மானித்து, அதற்கேற்ற அட்டையையும், அவ்வட்டையைக் காக்க வைக்காத செயலியையும் தெரிதல் வேண்டும். 1920க்கு 1080 திரைக்கு, ஆறு கருக்களையுடைய ரைசன் 5 5600 செயலியும் ஆர்டிஎக்ஸ் 4060 அட்டையும் ஓர் ஒத்த இணை. மின்வழங்கியையும் மறத்தலாகாது: ஆர்டிஎக்ஸ் 4060 கொள்வது 115 வாற்று, அதே வரிசையிலுள்ள 4090 கொள்வதோ 450 வாற்று!

மாணவர்க்கும் ஒரு சொல்: கட்டுரை தட்டச்சிடவும் பாடக் காணொளி காணவும் தனி அட்டையே வேண்டுவதில்லை, செயலியுள் அமைந்த வரைகலையே போதும். ஆனால், எல்லாச் செயலிகளிலும் அஃது இல்லை. மேற்கூறிய ரைசன் 5 5600இலும் இல்லை. ஆதலின் கேட்டறிந்து வாங்குக.

ஒன்றுக்கு அள்ளிக் கொடுத்து மற்றதற்குக் கிள்ளிக் கொடுப்பது குடும்பத்திற்கும் ஆகாது, கணினிக்கும் ஆகாது. பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கமர்ந்து கணக்கிட்ட பின்னரே கடைப்படி ஏறுதல் அறிவுடைமையாகும்.